கூகை முன்னே போனாள்

1994 மார்ச் 12 — 12
1994 ஏப்ரல் 20 — 8
1994 ஜூன் 1 — 15
1994 ஜூலை 9 — 11
1994 ஆகஸ்ட் 17 — 9
1994 செப்டம்பர் 28 — 13
1994 நவம்பர் 7 — 14
1995 ஜனவரி 4 — 7
1995 பிப்ரவரி 11 — 5
1995 மார்ச் 22 — 9
1995 மே 3 — 6
1995 ஜூன் 10 — 4
1995 ஜூலை 19 — 8
1995 ஆகஸ்ட் 26 — 7
1995 அக்டோபர் 4 — 10
1995 நவம்பர் 11 — 5

இது வரவு செலவு அல்ல. முதலில் இருப்பது கடிதம் வந்து சேர்ந்த தேதி. பக்கத்தில் இருப்பது மூன்று பகடைகளை உருட்டினால் விழும் புள்ளிகளின் கூட்டுத்தொகை. கடிதங்களை எழுதியவள் கடல் தாண்டிப் போன மகள். தேதி போட்டுக் குறித்து வைத்தவர் அவளுடைய அப்பா.

அவர் ஊருக்கு வெளியே இருந்த எடைமேடையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். லாரி வந்து இரும்புத் தளத்தின் மேல் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள்ளிருந்து முள்ளைப் பார்த்து எடையை எழுதுவார். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வரும்போது இன்னொரு முறை எழுதுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. அந்த வித்தியாசத்தைக் கூட்டவும் குறைக்கவும் லாரிக்காரர்கள் செய்யாத தகிடுதத்தம் இல்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருவார்கள். கிளீனரைத் தார்ப்பாய்க்கு அடியில் படுக்க வைப்பார்கள். எல்லாம் அவருக்கு அத்துப்படி. எண் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் ஆசை உட்கார்ந்திருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. எல்லோரும் அவரை எடைக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

ஆட்டம் அவரிடம் வந்து சேர்ந்ததும் அந்த மேடையில்தான். 1976இல் வீட்டுச் சாமான் ஏற்றிப்போன ஒரு லாரியிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்று கீழே விழுந்து கிடந்தது. 'உரியவர் வரவில்லை' என்று சீட்டு ஒட்டி ஒரு வருஷம் அறையிலேயே வைத்திருந்தார். யாரும் வரவில்லை. பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுபோனார். உள்ளே ஆறு பகடைகள், ஒரு வரைபடம், மழையில் நனைந்து பாதிப் பக்கங்கள் ஒட்டிப்போன ஆங்கிலப் புத்தகம். அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். படிக்க முடியாத பாதியைத் தானே எழுதினார்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதை சொல்வார். காடு, கோட்டை, பூதம், பாழடைந்த பாலம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். "பாலம் ஆடுகிறது. என்ன செய்யப்போகிறாய்?" என்று கதை சொல்பவர் கேட்பார். "ஓடிக் கடக்கிறேன்" என்றால் மூன்று பகடையை உருட்ட வேண்டும். பதினொன்றோ அதற்கு மேலோ வந்தால் கடந்தாய். குறைந்தால் விழுந்தாய். தொடர்ந்து நான்கு தடவை விழுந்தால் பாத்திரம் இறந்தது.

எடைக்காரருக்குக் கதை சொல்வதில் சில பிடிவாதங்கள் உண்டு. பகடையை மறைத்து உருட்டமாட்டார், எல்லோர் கண்முன்னால்தான் விழ வேண்டும். இப்படிச் செய், அப்படிச் செய் என்று யாருக்கும் வழி காட்டமாட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். பெட்டியில் வந்த பகடையைத் தவிர வேறு பகடை செல்லாது. மேஜையை விட்டு எழுந்த பிறகு ஆட்டத்தைப் பற்றி ஆட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. செத்த பாத்திரம் திரும்பி வரக் கூடாது.

சனிக்கிழமை நாலு மணிக்கு இரண்டாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேஜையில் ஆட்டம் தொடங்கும். மேஜையின் ஒரு கால் கட்டை, அதற்கடியில் எடைச் சீட்டை மடித்து வைத்திருந்தார். சலவைக்கடை வைத்திருந்த மைத்துனன் இரும்புவாயன் என்ற போர்வீரன். தெருமுனைப் பூட்டுக்காரர் ஒரு கிழ மந்திரவாதி. பத்து வயதிலிருந்து மகள்தான் கூகை. வில் வைத்திருப்பவள், இருட்டில் கண் தெரிபவள், எல்லோருக்கும் முன்னால் போய் வழி பார்த்து வருபவள்.

"நிஜத்துல நான் எந்தப் பூட்டையும் ரெண்டு நிமிஷத்துல திறப்பேன். என் மந்திரவாதி கதவு முன்னாடி நின்னு முழிக்கிறான். இந்த அவமானத்தை எங்க போய்ச் சொல்றது?" என்பார் பூட்டுக்காரர்.

"அம்பு எத்தனை வச்சிருக்கே?" என்று எடைக்காரர் மகளைக் கேட்பார்.

"நாப்பது."

"நாப்பது அம்போட ஆத்துல நீந்த முடியாது. கனம்."

"ஏன் மாமா, ராட்சசனையும் எடை போட்டுட்டுத்தான் உள்ள விடுவீங்களா?" என்பான் மைத்துனன்.

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும். "ராஜ்ஜியத்தைப் பிடிச்சது போதும், யாராவது வந்து டீயைப் பிடிங்க."

மகளுக்குப் பதினோரு வயதிருக்கும்போது ஒரு பகடை தொலைந்தது. அவள் உருட்டியதுதான். மேஜையிலிருந்து தாவி விழுந்தது, அப்புறம் காணோம். எடைக்காரர் ஆட்டத்தை நிறுத்தினார். அலமாரிகளை நகர்த்தினார். குளியலறைச் சாக்கடை மூடியைக்கூடத் திறந்து பார்த்தார். "கையில இருக்கிறதைப் பாத்து உருட்டத் தெரியாதவளுக்கு ஆட்டம் எதுக்கு?" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். அடிக்கவில்லை, கத்தவுமில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சனிக்கிழமைதோறும் சொன்னார். ஏழு சனிக்கிழமை. எட்டாவது வாரம் மைத்துனன் அசடு வழிய வந்து நின்றான். அவனுடைய கால்சட்டையின் அடி மடிப்புக்குள் பகடை இருந்தது.

"ஊர்த் துணியெல்லாம் வெளுக்கிறே, உன் பேண்ட்டை ஏழு வாரமா துவைக்கலியாடா?" என்று மனைவி தன் தம்பியைக் கேட்டாள். வீடே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. எடைக்காரர் அவளைக் கூப்பிட்டு, "சரி, வா. விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றார். அவருக்குத் தெரிந்த சமாதானம் அவ்வளவுதான்.

அப்பாவும் மகளும் வேறு எதுவும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அவளை ஒதுக்கி வைத்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் கதையில் கூகைக்கு ஒரு நரிக்குட்டி துணையாகக் கிடைத்தது. அவருக்குக் கண் அறுவைசிகிச்சை நடந்தபோது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லவில்லை. "கூகைக்கு இருட்டுல நல்லாத் தெரியும், அவ கையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் குகையைக் கடக்கலாம்" என்றாள். அவர் மண்டையை ஆட்டினார். இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

மைத்துனனின் இரும்புவாயன் 1985இல் இறந்தான். நான்காவது தடவை ஒன்பது விழுந்தது. மைத்துனன் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். "மாமா, எட்டு வருஷமா வளத்த ஆள். ஒரே ஒரு தடவை கண்டுக்காம விட்டுடுங்க" என்று கெஞ்சினான். எடைக்காரர் அசையவில்லை. மறுவாரம் மைத்துனன் 'இளைய இரும்புவாயன்' என்ற தம்பியைக் கொண்டுவந்தான். அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவன் குரல் கொஞ்சம் இறங்கும்.

1994 தொடக்கத்தில் மகளுக்குத் தூர தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. புறப்படும் அன்று எடைக்காரர் ஆறு பகடைகளில் மூன்றை எண்ணி அவள் கையில் வைத்தார். "கூகை முன்னாடி வழி பாக்கப் போறா. கடிதத்துல ஆடலாம். பத்திரம்" என்றார். பகடைக்கா, அவளுக்கா என்று சொல்லவில்லை.

அவர் நிலைமையை எழுதி, கடைசியில் வழக்கம்போல "என்ன செய்யப்போகிறாய்?" என்று முடிப்பார். அவள் அங்கே பகடை உருட்டி, என்ன செய்தாள், எத்தனை விழுந்தது என்று எழுதுவாள். மேஜையில் அவள் நாற்காலி காலியாக இருக்கும். வரைபடத்தில் கூகைக்கு அடையாளமாக வைத்த சட்டைப் பொத்தான் மற்றவர்களுக்கு ஒரு சாண் முன்னால் இருக்கும். மகள் அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசுவாள். எடைக்காரர் வாங்கிப் பேசமாட்டார். அவருக்குக் கடிதம் இருந்தது. 'கூகை தங்கிய குடிசையில் கதவு சரியாகச் சாத்தவில்லை, இரவெல்லாம் குளிர்' என்று அவள் எழுதினால், மகளின் அறையில் குளிர் அடிக்கிறது என்று அவருக்குப் புரியும். 'இந்தக் காட்டில் கூகைக்குப் பேச ஆளில்லை' என்று எழுதியபோது இரண்டு நாள் யோசித்து ஓர் ஊமைப் படகோட்டியை அனுப்பினார். பேசமாட்டான், ஆனால் கூடவே இருப்பான். தனக்குத் தெரிந்தே தன்னைத்தான் அனுப்பினார்.

அந்த டிசம்பரில் மகள் வேறு அறைக்குக் குடிபோனாள். ஜனவரியில் வந்த கடிதத்தில் ஏழு. அடுத்தது ஐந்து. பிறகு ஒன்பது, ஆறு. நான்காவது தடவையும் விழுந்தாயிற்று. சட்டப்படி கூகை இறந்துவிட்டாள்.

எடைக்காரர் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை மேஜையில், "மூணாவது சறுக்கல் மழையால வந்தது. கணக்குல சேராது" என்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் சட்டத்தை வளைத்தது அதுதான் முதல் தடவை. பூட்டுக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்.

அதற்குப் பிறகு நான்கு வந்தது, எட்டு வந்தது, ஏழு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஊமைப் படகோட்டி எங்கிருந்தோ வந்து கூகையைத் தூக்கிப் போனான். வெள்ளத்தில் மரக்கட்டை மிதந்து வந்தது. எதிரியின் வாள் உறையிலேயே மாட்டிக்கொண்டது.

நவம்பர் 11, சனிக்கிழமை. ஐந்து என்று எழுதிய கடிதம் காலையில் வந்திருந்தது. மாலையில் எடைக்காரர் அதைப் படித்து முடித்ததும் மைத்துனன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"இப்ப என்ன வரப்போகுது மாமா? கழுகா, யானையா?"

"ஏன்?"

"ஒம்போது தடவை விழுந்துட்டா. என் ஆளு நாலாவதுலயே போய்ச் சேந்தான். கெஞ்சினேன். காதுல போட்டுக்கிட்டீங்களா? உங்க பொண்ணுன்னா பகடைக்குக் கண்ணு தெரியாதோ?"

"மாப்ளை..."

"அவ மேல எனக்குக் கோவமில்லை. நான் தூக்கி வளத்த புள்ள. உங்க நியாயத்தைத்தான் கேக்குறேன்."

எடைக்காரர் குறிப்பேட்டை எடுத்து எண்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார். குடிபோகும் முன்பு ஏறி இறங்கின. அதற்குப் பிறகு ஒன்றுகூடப் பதினொன்றைத் தொடவில்லை. நேர்மையாக உருட்டிய பகடை இப்படி விழாது. ஒரே பக்கமாகச் சாய்கிறது. அவள் குறைத்து எழுதுகிறாள். கூகை சாக வேண்டும் என்று எழுதுகிறாள்.

"அவளுக்கு ஆட்டம் போதும்னு ஆயிடுச்சு. நேரா சொல்ல வாய் வரல. அதான் பகடையில சொல்றா" என்றார்.

"அண்ணே, பூட்டு திறக்கலைன்னா நான் முதல்ல சாவியைத்தான் கையில வாங்கிப் பாப்பேன். வீட்டுக்காரரைச் சந்தேகப்படமாட்டேன். ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றார் பூட்டுக்காரர்.

அன்று மைத்துனன் போன பிறகு மனைவியும் அதையேதான் சொன்னாள். "நாளைக்கு அவ போன் பண்ணுவா. வாங்கி, 'ஏம்மா, விளையாட்டு வேணாமா?'ன்னு கேளுங்க. இதுல என்ன கிரீடம் இறங்கிடும்?"

"மேஜைக்கு வெளியே ஆட்டப் பேச்சு பேசுறதில்ல."

"அவ என்ன உங்க லாரி டிரைவரா? உங்க பொண்ணுங்க."

மறுநாள் தொலைபேசி மணி அடித்தபோது அவர் ஈரத் துணியால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி ரிசீவரை நீட்டினாள். அவர் தலையை அசைத்துவிட்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். கேட்டால், "ஆமாம்ப்பா, போதும்" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்கும் தைரியம் அவரிடம் இல்லை. அவளைச் சங்கடப்படுத்தாமல், தானே வழிவிட்டு விலகிவிடலாம் என்று முடிவு செய்தார்.

நவம்பர் 18, சனிக்கிழமை, கூகை இறந்தாள். வாழ்நாளில் அவர் அவ்வளவு நன்றாகக் கதை சொன்னதில்லை. ஆற்றங்கரையில் பனி இறங்கியிருந்தது. நரிக்குட்டி இப்போது கிழ நரியாகி அவள் காலடியில் படுத்திருந்தது. படகோட்டி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஊமையாதலால் சொல்லவில்லை. "வழி பார்த்தாயிற்று. நீங்கள் வரலாம்" என்றாள் கூகை. மைத்துனன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். "நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன் மாமா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான். எடைக்காரர் சட்டைப் பொத்தானை வரைபடத்திலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

சொன்னதை அப்படியே எழுதி, திங்கட்கிழமை தபாலில் சேர்த்தார். கடைசியில் 'என்ன செய்யப்போகிறாய்?' என்ற கேள்வி இல்லை. அதற்குப் பதில், 'கூகைக்கு இனி ஓய்வு. உனக்கும்தான். நீ சிரமப்பட வேண்டாம்' என்று எழுதியிருந்தார்.

நவம்பர் 29, புதன்கிழமை. முறைப்படி மகளிடமிருந்து கடிதம் வர இன்னும் நாள் இருந்தது. ஆனால் வந்தது. அவருடைய கடிதம் அவளை எட்டும் முன்பே அவள் போட்டது.

'அப்பா, ஒரு விஷயம் சொல்லணும், திட்டக் கூடாது. போன டிசம்பர்ல குடிவந்தப்போ ஒரு பகடை தொலைஞ்சு போச்சு. சொல்லப் பயம். அந்த ஏழு வாரம் ஞாபகம் வந்துடுச்சு. வேற பகடை வாங்கினா செல்லாது. அதனால இருந்த ரெண்டை உருட்டி, விழுந்ததை அப்படியே எழுதினேன். ஒரு தடவைகூடக் கூட்டியோ குறைச்சோ எழுதல. நாலு தடவை விழுந்ததும் கூகை கதை முடிஞ்சதுன்னு அழுதுட்டேன். ஆனா நீங்க அவளைச் சாகவிடல. உங்க கடிதத்துல மழைன்னு ஒரு சாக்கு எழுதியிருந்தீங்களே, அதை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியாது. அப்பா எனக்காகச் சட்டத்தை வளைச்சிருக்கார்! அன்னிக்குப் பூரா வேலையில சிரிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் வேணும்னேதான் சொல்லாம இருந்தேன். இன்னும் எத்தனை தடவை காப்பாத்துவீங்கன்னு பாக்கலாம்னு ஆசை. நேத்து தையல் பெட்டியில மூணாவது பகடை கிடைச்சிடுச்சு. சும்மா உருட்டிப் பாத்தேன். பதினாறு! இது கணக்கில்ல. கூகை ரெடி. என்ன செய்யட்டும்?'

எடைக்காரர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு, 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் அவரே போய் எடுத்தார். அப்பா எடுப்பார் என்று மகள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"என் கடிதம் வந்துடுச்சாம்மா?"

"நேத்து வந்துச்சுப்பா."

"படிச்சியா?"

"ம். நல்ல சாவுப்பா. அந்தப் படகோட்டி கூட இருந்தானே, அது நல்லா இருந்துச்சு" என்றாள்.

"நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். நீ வேணும்னு குறைச்சு எழுதுறேன்னு... உனக்கு ஆட்டம் பிடிக்கலை போலன்னு... ஒரு வழி பண்றேன்மா. கூகையைத் திருப்பிக் கொண்டு வந்துடலாம். படகோட்டிக்கு ஒரு மூலிகை கிடைச்சதுன்னு வச்சுக்கலாம்."

"மாமாவோட இரும்புவாயனுக்குக் கிடைக்கலியேப்பா."

"மாமா ஒண்ணும் சொல்லமாட்டான். அவனே கேக்கச் சொன்னான்."

"செத்தவங்க திரும்பி வரக் கூடாதுப்பா. வந்தா, இத்தனை வருஷம் ஆடினது எதுவும் நிஜமில்லன்னு ஆயிடும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"புதுசா ஒருத்தியை ஆரம்பிக்கலாமே?"

"இல்லப்பா." அவள் குரல் உடையவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்பா."

"ஆமாம்மா."

"அம்மாகிட்ட குடுங்க."

அவர் ரிசீவரை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கம்பி போகும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகும் அவள் ஞாயிறுதோறும் பேசினாள். அப்பாவின் கண் எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் விசாரித்தாள். மூன்று வருஷம் கழித்து கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். புகைப்படங்கள் வந்தன, அம்மா பெயருக்கு. எடைக்காரர் 2001இல் ஓய்வு பெற்றார். சனிக்கிழமை நாலு மணிக்கு மைத்துனனும் பூட்டுக்காரரும் வந்தார்கள். விலைவாசி பேசினார்கள், முழங்கால் வலியைப் பேசினார்கள். பெட்டியை யாரும் திறக்கச் சொல்லவில்லை. அதில் பகடைகள் மறுபடி ஆறாகியிருந்தன. அன்று தொலைபேசியில் பேசிய அந்த மாதமே, தடிமனான ஓர் உறைக்குள், பஞ்சில் சுற்றி, அவள் மூன்றையும் திருப்பி அனுப்பியிருந்தாள். கூட ஒரே ஒரு வரி: 'எண்ணிப் பாத்துக்கோங்கப்பா, மூணும் இருக்கு.'

அவர் எண்ணிப் பார்த்தார். மூன்றும் இருந்தன. குறிப்பேட்டில் பட்டியலுக்குக் கீழே தேதியைப் போட்டார். பக்கத்தில் எழுதக் கூட்டுத்தொகை ஏதும் இல்லை.

1995 டிசம்பர் 20